இரண்டாவது அடி: அம்பத்தூர் பவர் பிரஸ் விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு குறிப்பிட்ட கம்பெனியில் நடந்தது அல்ல. அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் பக்கம் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும், துளையிடும் மோட்டார் மெஷின்) ஓடும் சிறு பட்டறைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரே வகை விபத்தை எடுத்து, ஒரு ஆளின் மேல் வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. தொகைகளும் பிரிவு எண்களும் 2024 பிப்ரவரியில் நடப்பிலிருந்த சட்டங்களின்படி. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய விபத்துக்குப் பிரிவு எண்களைப் புதிய சட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது

வயது 30. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்க்காரர், குடியிருப்பு மண்ணூர்ப்பேட்டையில். கான்ட்ராக்டர் மூலம் வந்து இரண்டு வருடமாக பிரஸ் ஆபரேட்டர். நாள் கூலி 600 ரூபாய். தினமும் இரண்டு மணி நேரம் ஓடி (ஓவர்டைம்), அதற்கு 150 ரூபாய் கையில். வலது கைப் பழக்கம்.

மெஷின் 30 டன் சி-ஃபிரேம் பிரஸ், கீ கிளட்ச், நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக். வேலை எளிது: 2 மி.மீ. தகட்டில் வெட்டி வந்த 60-க்கு 40 பிளாங்கை டையில் (கீழே பொருத்திய அச்சில்) வைத்து இரண்டு துளை போட வேண்டும். இரவு ஒன்பதே முக்கால். பெடலை மிதித்தார், ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இறங்கியது, துளை விழுந்தது, ராம் ஏறியது. பீஸை எடுக்கக் கை உள்ளே போனது. மேலே போய் நிற்க வேண்டிய ராம் நிற்காமல் மறுபடி இறங்கியது. ஆள்காட்டி விரல் நடு மூட்டோடும், நடு விரல் நுனி மூட்டோடும் போயின. மோதிர விரலில் நசுங்கல் மட்டும்.

கம்பெனி ரிஜிஸ்டரில் அன்றிரவே எழுதப்பட்ட வரி: ‘ஆபரேட்டரின் கவனக்குறைவால் கை டையில் சிக்கியது.’ இந்த ஒரு வரி பிறகு என்னென்ன செய்தது என்பதுதான் கீழே வரும் பாதி விஷயம்.

ராம் ஏன் இரண்டாவது தடவை இறங்கியது

பட்டறை மொழியில் இதற்கு ‘டபுள் அடிச்சுடுச்சு’ என்று பெயர். பெயர் வைக்கும் அளவுக்குப் பழகிப்போன விஷயம்.

கீ கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை மிதித்தால் லாட்ச் (தடுத்து நிற்கும் கொக்கி) விலகும். சாவி, ஓயாமல் சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலின் பள்ளத்தில் விழும். கிராங்க் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். சுற்று முடியும்போது லாட்ச் திரும்ப வந்து சாவியைத் தட்டிவிட்டு, ஃப்ளைவீலையும் ஷாஃப்ட்டையும் பிரிக்க வேண்டும். அதே நேரத்தில் ஷாஃப்ட் முனையிலுள்ள பேண்ட் பிரேக் ராமை மேல் நிலையில் பிடித்து நிறுத்த வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் ராம் தானாக இறங்கும்.

இந்த மெஷினில் இரண்டுமே தவறியிருந்தன. லாட்ச் ஸ்பிரிங் தளர்ந்து, பெடல் ஸ்பிரிங்கும் சோர்ந்து, மிதித்த பெடல் முழுதாக மேலே வர நேரம் எடுத்துக்கொண்டது. சாவியின் விளிம்பு தேய்ந்து வட்டமாகியிருந்தது. பிரேக் லைனிங்கில் பக்கத்து பேரிங்கிலிருந்து கசிந்த எண்ணெய் ஊறியிருந்தது. ஒரு மாதமாகவே ராம் மேல் நிலையைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கித்தான் நின்றது என்று பக்கத்து மெஷின்காரர் சொன்னார். அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஷாஃப்ட் முனையில் ஒரு சாக்பீஸ் கோடு, பிரேமில் ஒரு கோடு. டை இல்லாமல் இருபது ஸ்ட்ரோக் அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் கோடு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே இடத்தில் நிற்கவில்லை என்றால் அந்த ஷிப்டில் அந்த மெஷின் ஓடக்கூடாது.

கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் வேலி) இருந்ததா? இருந்தது. டூல் ரூம் மூலையில், சுவரில் சாத்தி. முந்தைய வேலை ஸ்ட்ரிப் (நீளப் பட்டைத் தகடு). அதற்கு கார்டு பொருந்தியது. இந்த பிளாங்க் வேலைக்கு டை மாற்றியபோது கார்டு இடித்தது, கழற்றினார்கள், அப்படியே விட்டார்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கும் இரண்டு கை பட்டன் இணைப்பும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது; ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பீஸ் எடுக்க நுனியில் அலுமினியம் வைத்த இடுக்கியோ, காந்தக் கைப்பிடியோ ஆபரேட்டருக்குத் தரப்படவில்லை. இருந்தாலும் கையால் எடுப்பதுதான் வேகம். ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு வைத்த இடத்தில் வேகம்தான் ஜெயிக்கும்.

ஆக, கவனம் எங்கே குறைந்தது என்று தேடினால் அது ஸ்பிரிங், லைனிங், டை மாற்றம் ஆகிய மூன்று இடத்தில் குறைந்திருக்கிறது. ஆபரேட்டர் செய்தது, அன்று அதுவரை ஆயிரம் தடவைக்கு மேல் செய்த அதே அசைவு. அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான பாகத்துக்கு உறுதியான வேலி போடு என்கிறது; ஆபரேட்டர் கவனமாக இருந்தால் வேலி வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

துண்டான விரல் நுனிகளை எதிர்க்கடை ஜூஸ்காரரிடம் வாங்கிய ஐஸ்கட்டிக்குள் நேராகப் போட்டுக் கவரில் கட்டினார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். செய்ய வேண்டியது: துண்டைச் சலைனில் அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். பையின் மேல் பெயரும் துண்டான நேரமும். காயத்தின் மேல் சுத்தமான துணி வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும், கயிறு கட்டக்கூடாது, மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். சரியாகக் குளிர்வித்த விரலுக்கு ஒரு நாள் வரை கூட அவகாசம் உண்டு. குளிர்விக்காவிட்டால் அதில் பாதி.

பிரஸ்ஸில் நசுங்கிய விரலை ஒட்டுவது பெரும்பாலும் நடக்காது. அதற்காகத் துண்டைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதில்லை. ஒட்ட முடியாத துண்டிலிருந்தும் தோலும் நகப்படுகையும் பயன்படலாம். முடிவு அறுவை மருத்துவருடையது.

எங்கே கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வி. பக்கத்திலிருந்த நர்ஸிங் ஹோமுக்குத்தான் கொண்டுபோனார்கள். இரத்தத்தை நிறுத்த அது சரி. அங்கேயே எலும்பைக் கத்தரித்து, தோலை இழுத்து மூடியதுதான் தவறிப்போனது. இழுத்துத் தைத்த தோல் பத்தாம் நாளில் கறுத்தது. சென்னையில் இதற்குப் போக இடம் இல்லாமல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு இந்தியாவிலேயே முன்னோடி. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே உருவாக்கி 1980-இல் வெளியிட்ட சாய்வு முக்கோண மடல் முறை, சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியை எலும்பைக் குறைக்காமல் பக்கத்துத் தோலை நகர்த்தி மூடுவது. இன்று உலகெங்கும் அவர் பெயரிலேயே செய்யப்படுகிறது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழியில் போனால் கே.கே. நகர், அயனாவரம் மருத்துவமனைகள். பட்டறைச் சுவரில் ‘108’ மட்டும் எழுதி வைத்தால் போதாது; கை விபத்து என்றால் எந்த மருத்துவமனை, இரவில் எந்த வாசல் என்பதையும் எழுத வேண்டும்.

ஏ.ஆர். காப்பியில் விழுந்த இரும்புத் தகடு

நர்ஸிங் ஹோமில் கூடவே போன சூப்பர்வைசர், எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, ‘இரும்புத் தகடு விழுந்துடுச்சு’ என்றார். பிரஸ் என்று சொன்னால் போலீஸ், இன்ஸ்பெக்டர் என்று வரும் என்ற பயம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே ஏறியது. மூன்றாம் நாள் கான்ட்ராக்டர் இ.எஸ்.ஐ. தளத்தில் ஏற்றிய 12-ஆம் படிவத்தில் ‘பவர் பிரஸ்’ என்று இருந்தது. கிளை அலுவலகம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அதன்பின் விசாரணை, சாட்சி, கடிதம். பணம் கைக்கு வர ஐந்து மாதம்.

ஏ.ஆர். காப்பியில் முதலில் சொல்லப்படும் வரலாறு ஏறக்குறையக் கல்வெட்டு. பிறகு திருத்துவது பெரும்பாடு. கூடப் போகிறவருக்கு ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினால் போதும்: நடந்ததை நடந்தபடி, மெஷின் பெயரோடு, நேரத்தோடு சொல்.

படிவம் விஷயத்தில் கடை நிலைக் குழப்பம் இது. 11-ஆம் படிவம் விபத்துப் பதிவேடு, பட்டறையிலேயே இருக்கும். தொழிலாளியோ அவர் சார்பில் வேறொருவரோ வாயால் சொன்னாலும் அதில் எழுதியாக வேண்டும். 12-ஆம் படிவம் விபத்து அறிக்கை. கிளை அலுவலகத்துக்குப் போவது. உறுப்பு இழப்பு மாதிரிக் கடுமையான காயத்துக்கு உடனே அனுப்ப வேண்டும், சிறு காயத்துக்குத் தரும் அவகாசம் இதற்குக் கிடையாது. இவை இரண்டும் இ.எஸ்.ஐ.க்கு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்பும் விபத்து அறிவிப்பு தனி. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றாலே அது போக வேண்டும். ஒன்றை அனுப்பிவிட்டு இன்னொன்றும் போய்விட்டதாக நினைத்துக்கொள்வதுதான் சிறு பட்டறைகளில் வழக்கம்.

இப்போது அந்தக் ‘கவனக்குறைவு’. இ.எஸ்.ஐ. யார் மேல் தவறு என்று பார்த்துப் பணம் தரும் திட்டம் இல்லை. வேலை நேரத்தில் நடந்த விபத்து, எதிர்ச்சான்று இல்லாதவரை, வேலையால் நடந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51-ஏ பிரிவு. விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்தபோது அடிபட்டிருந்தால் அதுவும் வேலைக் காயமே என்கிறது 51-பி. எனவே அந்தச் சொல்லை எழுதி முதலாளிக்கு ஒரு பைசாவும் மிச்சமாகாது. அது செய்யும் வேலை ஒன்றுதான்: விசாரணையை அங்கேயே முடித்துவிடும். ஸ்பிரிங்கை யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் அதே வயதுடைய இன்னும் நான்கு பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. அறிக்கையில் எழுத வேண்டியது மெஷின் எண், கிளட்ச் வகை, டை எண், கார்டு மாட்டியிருந்ததா, பெடலா பட்டனா, ராம் எந்த நிலையில் நின்றிருந்தது. அன்றிரவு செல்போனில் எடுத்த நான்கு படம் போதும். மறுநாள் காலை மெஷினைச் சரி செய்து ஓட்டிவிட்டால் இவை எதுவும் கிடைக்காது.

பணக் கணக்கு

தற்காலிக ஊனப் பலன் என்பது சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு. வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்து நாளை விட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாதிருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பும் வரை, ஞாயிறும் சேர்த்து, ஒவ்வொரு நாளுக்கும் வரும்.

பிப்ரவரி விபத்துக்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பளம்தான் அடிப்படை. ரிஜிஸ்டரில் 600 ரூபாய். 90 விழுக்காடு 540. ஆனால் அவர் உண்மையில் வாங்கியது 750. ஓடிப் பணம் இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு உட்பட்ட சம்பளம். 21,000 ரூபாய் உச்சவரம்பைப் பார்க்கும்போது மட்டும்தான் அதைச் சேர்ப்பதில்லை. கான்ட்ராக்டர் அதை ரிஜிஸ்டருக்கு வெளியே கையில் கொடுத்தார், அதுவும் சட்டம் சொல்லும் இரட்டிப்பு விகிதத்தில் இல்லை. இதனால் அவருக்கு மாதம் மிச்சமான சந்தா: 3,900 ரூபாய் ஓடிப் பணத்துக்கு 3.25 விழுக்காடு, அதாவது 126 ரூபாய் 75 பைசா. தொழிலாளிக்கு மிச்சமானது 29 ரூபாய் 25 பைசா. இழந்தது நாளுக்கு 135 ரூபாய்.

நிரந்தர ஊனப் பலனில் இது இன்னும் ஆழமாக இறங்குகிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இழப்பு 11 விழுக்காடு, நடு விரலில் ஒரு கணு இழப்பு 7. வலக்கை, இடக்கை வித்தியாசம் அட்டவணையில் இல்லை. கூட்டினால் 18. 540-இல் 18 விழுக்காடு 97 ரூபாய் 20 பைசா. இது நாளொன்றுக்கு, ஆயுள் முழுவதும். 750 கணக்கில் வந்திருந்தால் 121 ரூபாய் 50 பைசா. வித்தியாசம் வருடத்துக்கு 8,869 ரூபாய், அவர் உயிரோடிருக்கும் வரை. மாதம் 29 ரூபாய் பிடித்தம் குறைகிறதே என்று ஓடியைக் கையில் வாங்கிக்கொள்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

இடையில் ஒரு வக்கீல் குமாஸ்தா, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டால் மொத்தமாக வாங்கலாம் என்று ஆசை காட்டினார். இ.எஸ்.ஐ.யில் காப்பீடு உள்ளவர் அந்தச் சட்டத்தில் போக முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடுக்கிறது, 1996-இல் ட்ரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. போக முடிந்திருந்தால் எவ்வளவு? கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் 60 விழுக்காடு 9,000. 30 வயதுக்கான காரணி 207.98, அதில் 18 விழுக்காடு. ஏறக்குறைய 3,36,928 ரூபாய், ஒரே தடவை. இ.எஸ்.ஐ. பலன் வருடத்துக்கு 35,478. ஒன்பதரை வருடத்தில் இது அதைத் தாண்டிவிடும்; அவருக்கு அப்போது வயது நாற்பதுதான். மருத்துவமும் தனியாக உண்டு. பிறகு எங்கே எவ்வளவு சம்பளத்தில் வேலை பார்த்தாலும் இந்தப் பணம் நிற்காது.

‘சும்மா வந்து உட்காரு’

இருபதாம் நாள் கான்ட்ராக்டரின் ஆள் வீட்டுக்கு வந்தார். ‘தம்பி, வேலை எதுவும் செய்ய வேணாம். பேக்கிங்ல சும்மா வந்து உட்காரு, கையெழுத்து மட்டும் போடு, முழுக் கூலி தர்றோம்.’ 540-க்குப் பதில் 600. அவர் போனார். பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்யும் பட்டறைக்கு, விபத்தால் இழந்த நாட்களைக் குறைத்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது.

சும்மா உட்கார யாரும் விடவில்லை. அட்டைப்பெட்டி மடித்தார், டேப் ஒட்டினார். கட்டு நனைந்தது, தூசி படிந்தது. தோல் ஏற்கெனவே கறுத்திருந்த இடத்தில் சீழ் வைத்தது. ஒன்பது நாள் கழித்து மறுபடி மருத்துவமனை, மறுபடி அறுவை.

காகிதத்தில் நடந்தது இன்னும் மோசம். சம்பளம் வாங்கிய நாட்களுக்குத் தற்காலிகப் பலன் கிடையாது. அது போகட்டும், இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரின் சான்று அந்த ஒன்பது நாளும் ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்கிறது, வருகைப் பதிவேடு ‘வேலை பார்த்தார்’ என்கிறது. முப்பதாம் நாள் மறுபடி சான்று வாங்கப் போனபோது, இது பழைய காயத்தின் தொடர்ச்சியா, புதிய நோயா என்ற கேள்வி வந்தது. நோய் என்று ஆகியிருந்தால் விகிதம் 70 விழுக்காடு. மருந்தக மருத்துவர் அறுவைக் குறிப்பைப் பார்த்துத் தொடர்ச்சி என்று எழுதியதால் தப்பியது. மொத்தம் 72 நாள் பலன் வந்தது, 38,880 ரூபாய்.

இலகு வேலை கெட்டது இல்லை. காயம் ஆறிய கைக்கு வேலையே நல்ல பயிற்சி. ஆனால் அதற்கு மூன்று வேண்டும்: மருத்துவர் ‘இன்னின்ன செய்யலாம், இன்னின்ன கூடாது’ என்று எழுதித் தர வேண்டும், அந்த வேலை என்ன என்று முன்கூட்டியே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தகுதிச் சான்று வாங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

மருத்துவ வாரியம்

கடைசிச் சான்று வாங்கிய பிறகு மருத்துவ வாரியத்துக்கு விண்ணப்பம். இதற்கு ஒரு வருடக் கெடு உண்டு; பலர் கை பழகட்டும் என்று காத்திருந்து கோட்டைவிடுகிறார்கள். கொண்டுபோக வேண்டியவை: அறுவைக் குறிப்பு, விபத்தன்று எடுத்த எக்ஸ்ரே, இரண்டாவது அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி. எலும்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதே விழுக்காட்டைத் தீர்மானிப்பதால் கடைசி எக்ஸ்ரே முக்கியம். எலும்பு இழக்காமல் நுனிச் சதை மட்டும் போயிருந்தால் நடு விரலுக்கு 4. ஒரு கணு போனால் 7.

அட்டவணையில் இல்லாதவற்றை யாரும் கேட்காமல் வாரியம் தேடாது. மோதிர விரல் மடங்காமல் விறைத்திருந்தது. அதை அவரே சொல்ல வேண்டும், கை மருத்துவரின் அளவீட்டோடு. அட்டவணையில் இல்லாத காயத்துக்கும் வாரியம் விழுக்காடு மதிப்பிடலாம். இவருக்கு அதற்குள் பிசியோதெரபியில் விரல் இளகிவிட்டதால் 18-உடன் நின்றது. முடிவில் திருப்தி இல்லை என்றால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு, காப்பீட்டு நீதிமன்றமும் உண்டு. அதற்கும் கெடு இருக்கிறது. கடிதம் வந்த தேதியை உறையோடு வைத்துக்கொள்வது நல்லது.

வேலைக்குத் திரும்புதல்

இங்கேதான் தொழில்சார் மருத்துவச் சேவை என்று கட்டணம் வாங்குகிறவர்கள் வர வேண்டும். நடைமுறையில் அவர்கள் விற்பது வருடாந்திர முகாம்: காது, நுரையீரல், இரத்தம், ஒரு கோப்பு. விபத்து நடந்தால் அந்தக் கோப்புக்காரரைக் காணோம். நாற்பது பேர் வேலை பார்க்கும் பட்டறை முழு நேர மருத்துவரை வைக்க முடியாது, சட்டமும் கேட்கவில்லை. ஆனால் பத்துப் பட்டறை சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் முகாமை விட முக்கியமாக எழுத வேண்டியது: இரவிலும் எடுக்கும் ஒரு போன் எண், மருத்துவமனைக்குக் கூடப் போய் வரலாறு சரியாகப் பதிய வைக்கும் ஆள், வாரம் ஒரு முறை மருந்தக மருத்துவரோடு பேச்சு, ஒவ்வொரு வேலைக்கும் கை என்ன செய்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பு. மருத்துவ விவரம் தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் முதலாளிக்குப் போகக்கூடாது. முதலாளிக்குத் தேவை ‘என்ன செய்யலாம்’ மட்டுமே.

பத்தாம் வாரத்தில் கைப்பிடி பலம் இடது கையில் 38 கிலோ, வலதில் 21. ஐந்தாம் மாதம் வலது 27-க்கு வந்தது. கிலோவை விடச் சொல்லும்படியான சோதனை வேறு: எம்6 நட்டை போல்ட்டில் ஏற்றுவது, மேஜையிலிருந்து வாஷர் எடுப்பது, வெர்னியர் பிடிப்பது. ஆள்காட்டி விரல் போனவர்கள் கட்டைவிரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே பிடிக்கப் பழகிவிடுவார்கள். இவருக்கு நடு விரலும் குட்டை என்பதால் மோதிர விரலுக்குப் போனார். அதனால்தான் அந்த விறைப்பை இளக்குவது பணத்தை விட அவசரமாக இருந்தது. வெட்டு நுனி கூசிக்கொண்டிருந்தது. பஞ்சு, துணி, பிறகு அரிசி, பிறகு மணல் என்று தினமும் ஐந்தாறு தடவை தேய்த்துப் பழக்க வேண்டியிருந்தது.

கம்பெனி நல்லெண்ணத்தோடு தர ஆய்வு அறையில் வேலை கொடுத்தது. கேஜ் போட்டுப் பார்ப்பது, உட்கார்ந்த வேலை. மூன்றாம் நாளே வேண்டாம் என்றார். சோம்பேறித்தனம் என்று பேச்சு எழுந்தது. அந்த அறையில் ஏசி. இரவெல்லாம் ஏசியில் கிடந்த இரும்பு பீஸை எடுத்தால் வெட்டு நுனியில் ஊசி குத்துவது போல வலி. விரல் இழந்தவர்களுக்குக் குளிர் தாங்காமை மிகச் சாதாரணம், சென்னை வெயிலில் அது யாருக்கும் தோன்றுவதில்லை. பீஸ் ட்ரேயை ஏசிக்கு வெளியே வைத்து, நுனிக்குச் சிலிக்கான் உறை போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

பிரஸ் அருகே போகவே அவர் மறுத்தார். இராத்திரி அந்தச் சத்தம் கேட்டு விழித்தார். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அவர் நினைக்கவில்லை, கேட்டபோதுதான் சொன்னார்.

தற்காலிக ஊனப் பலன் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்கிறது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு. அது முடிந்த மறுநாள் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016 வேலையில் தக்கவைத்துக்கொள்ளச் சொல்வது அரசு நிறுவனங்களை. ஆகையால் தனியார் பட்டறையில் திரும்ப இடம் கிடைப்பது, கடைசிச் சான்று வருமுன் பேசி முடிப்பதைப் பொறுத்தது. கான்ட்ராக்டர் கைகழுவப் பார்த்தார். முதன்மை முதலாளியிடம், அதாவது பட்டறைக்காரரிடம், ஆறாம் வாரத்திலேயே பேச்சைத் தொடங்கியதால் இடம் கிடைத்தது.

மெஷினில் செய்தது

முதலில் வந்த யோசனை லைட் கர்ட்டன், கை குறுக்கே வந்தால் உணர்ந்து மெஷினை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை. சேல்ஸ்மேன் டெமோ காட்டத் தயாராக இருந்தார். கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு அது வீண். சாவி விழுந்துவிட்டால் ஒரு சுற்று முடியும்வரை அந்த மெஷினை எதனாலும் நிறுத்த முடியாது. கை குறுக்கே வந்தது கர்ட்டனுக்குத் தெரியும், ராமுக்குத் தெரியாது. நடுவழியில் நிற்கக்கூடிய நியூமேட்டிக் (காற்றழுத்த) உராய்வு கிளட்ச் பிரஸ்ஸுக்குத்தான் அது.

இரண்டு கை பட்டன்? கணக்குப் போட்டால் தெரியும். ஃப்ளைவீலில் மூன்று பள்ளம், நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக். பட்டன் அழுத்தியதிலிருந்து ராம் அடிவரை வர அதிகபட்சம் 0.83 விநாடி. கை நகரும் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பெருக்கினால் 1.33 மீட்டர். பட்டன் டையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும். மெஷின் உடம்பிலேயே பட்டனைப் பொருத்தினால் பாதுகாப்பு என்ற நினைப்பு மட்டும்தான். தவிர, டபுள் அடிப்பதை இரண்டு கை பட்டனும் தடுக்காது.

மிஞ்சியது டையைச் சுற்றி நிலையான கூண்டு, கை நுழையவே முடியாதபடி. திறப்பு எவ்வளவு, ஆபத்தான இடம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13857 அளவு தருகிறது: விரல் நுழையும் நீள் இடைவெளி 8 மி.மீ. வரை என்றால் 20 மி.மீ. தூரம், 12 வரை என்றால் 100, 20 வரை என்றால் 120, அதற்கு மேல் 30 வரை போனால் 850. பிளாங்க் 2 மி.மீ.தான் என்பதால் 8 மி.மீ. இடைவெளி தாராளம். அதன் வழியே ஒரு சரிவுத் தட்டு, பிளாங்கைத் தள்ளும் ஒரு பித்தளைத் தள்ளுகோல். துளை போட்ட பீஸ் பின்பக்கமாகக் காற்றடித்து வெளியேறும். கூண்டை டைசெட்டோடு சேர்த்தே போல்ட் போட்டார்கள், மெஷினோடு அல்ல. டை மாற்றினால் அதற்கான கூண்டும் கூடவே வரும். டூல் ரூம் மூலையில் தங்காது. ஒவ்வொரு டைக்கும் ஒரு கூண்டு என்பதால் செலவு கூடியது, முதலாளி முகம் சுளித்தார். தள்ளுகோல் பழகிய பிறகு பீஸ் எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்தது.

லாட்ச் ஸ்பிரிங், சாவி, பிரேக் லைனிங் மூன்றும் ஐந்து பிரஸ்ஸிலும் பார்க்கப்பட்டன. இன்னும் இரண்டில் சாவி தேய்ந்திருந்தது. சாக்பீஸ் கோடு சோதனை ஷிப்ட் தொடக்கத்தில் செய்து ஆபரேட்டரே கையெழுத்திட வேண்டும், கோடு தவறினால் மெஷினை நிறுத்த அவருக்கே அதிகாரம் என்று எழுதி ஒட்டினார்கள். நிறுத்திய நேரத்துக்குப் பீஸ் கணக்கு கேட்கப்படாது என்ற வரியை முதலாளி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அது இல்லாமல் மற்றது ஓடாது என்று புரிந்து இரண்டு வாரம் கழித்துச் சேர்த்தார்.